பழைய வீட்டில் இன்றைய வாழ்க்கை: தமிழகத்து மரபு வீடுகளைப் புதுப்பித்தலும் விரித்தலும்

சிமென்ட் பரவுவதற்கு முன்பு சுண்ணாம்பு, செங்கல், மரம் ஆகிய மூன்றையும் கொண்டு கட்டிய வீடுகள் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் இன்னும் ஆயிரக்கணக்கில் நிற்கின்றன. தஞ்சை, கும்பகோணம் பக்கத்து அக்ரகாரங்கள், காரைக்குடியைச் சுற்றிய செட்டிநாட்டு ஊர்கள், புதுச்சேரியின் தமிழர் தெருக்கள், சென்னையில் மயிலாப்பூர், திருவல்லிக்கேணி எனப் பல இடங்களில் இவற்றைக் காணலாம். பெரும்பாலானவை 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கும் 1940களுக்கும் இடையில் எழுந்தவை. இந்தியாவில் சிமென்ட் தயாரிக்கும் ஆரம்ப முயற்சிகளில் ஒன்று 1904இல் சென்னையில் நடந்தது. ஆனாலும் அதற்குப் பிறகு முப்பது நாற்பது ஆண்டுகள் சாதாரண வீட்டு வேலை சுண்ணாம்பிலேயே நடந்து வந்தது.

இந்த வீடுகளில் இன்று குடியிருப்பவர்கள் கேட்பவை நியாயமானவை: படுக்கையறையை ஒட்டிக் குளியலறை, நின்று சமைக்கும் அடுப்படி, ஏசி, வண்டி நிறுத்த இடம், முதியவர்கள் இடறி விழாத தரை, கதவைச் சாத்திக்கொண்டு இருக்க ஓர் அறை. இவற்றைத் தர முடியாது என்று வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறவர்களும் உண்டு, இடித்துவிட்டு அடுக்ககம் கட்டுகிறவர்களும் உண்டு. வீட்டைக் காப்பாற்றும் எண்ணத்தோடு செய்யும் தவறான மராமத்தும் இவற்றுக்குக் குறையாத சேதத்தைச் செய்கிறது. சுண்ணாம்புச் சுவர்மேல் சிமென்ட் பூசுவதும், மரத்தளத்தின்மேல் தண்ணீர்த் தொட்டி வைப்பதும் நல்ல எண்ணத்தில் செய்யப்படுபவைதான். பழைய கட்டுமானத்துக்குப் பெரிய எதிரிகள் தண்ணீரும் பாரமும். புதிய வசதிகளில் பெரும்பாலானவை இந்த இரண்டையும்தான் வீட்டுக்குள் கொண்டுவருகின்றன. அவற்றை எங்கே வைப்பது என்று முதலிலேயே தீர்மானித்துவிட்டால் மற்ற வேலைகள் எளிதாகும்.

வீட்டின் அமைப்பு ஊருக்கு ஊர் மாறினாலும் அடிப்படை ஒன்றே. தஞ்சைப் பகுதி வீட்டில் தெருத் திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அதைச் சுற்றித் தாழ்வாரம், ஒரு பக்கம் காமிரா உள், பின்னால் சமையல் உள், இரண்டாம் கட்டு, கிணற்றடி, கொல்லை என்று ஒரே நேர்க்கோட்டில் இடம் நீளும். வாசலில் நின்றால் கொல்லை தெரியும். செட்டிநாட்டு வீட்டில் முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என அதே வரிசை பல மடங்கு பெரிதாகி, ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். வளவைச் சுற்றியுள்ள ஒற்றை அறைகள் மணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒதுக்கப்பட்டவை. பொருள்களை வைத்துப் பூட்டவும் இரவில் படுக்கவும்தான் அறை. பகல் முழுவதும் வாழ்க்கை தாழ்வாரத்திலும் பட்டாலையிலும் நடந்தது. அறைக்குள் நாளைக் கழிக்கும் இன்றைய வழக்கத்துக்கு இந்த அறைகள் சிறியவை, இருட்டானவை. சிக்கலின் பாதி இங்கே இருக்கிறது.

வீட்டை விரிப்பது மரபுக்கு விரோதம் என்று நினைக்க வேண்டியதில்லை. புதுச்சேரியின் வைசியாள் தெரு போன்ற இடங்களில் கீழ்த்தளம் திண்ணையும் தாழ்வாரமுமாகத் தமிழ் முறையிலும், மேல்தளம் வளைவு ஜன்னலும் சுவர்த்தூண்களுமாகப் பிரெஞ்சு முறையிலும் இருக்கும் வீடுகள் பல. செட்டிநாட்டிலும் பர்மா, இலங்கை, மலாயா வட்டித் தொழிலில் பணம் வரவர முன்கட்டும் மாடியும் சேர்ந்துகொண்டே போயின. பர்மாத் தேக்கும் இத்தாலியச் சலவைக்கல்லும் ஜப்பானியப் பூ ஓடுகளும் அப்படி வந்தவையே. தலைமுறைதோறும் வளர்ந்த வீடு இன்றும் வளரலாம். அந்த வளர்ச்சி பழைய சுவரைத் தின்றுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எந்த வேலைக்கும் முன்னால் வீட்டை ஒரு மழைக்காலம் முழுவதும் கவனிப்பது நல்லது. எந்தச் சுவரில் ஓதம் ஏறுகிறது, எந்த மூலையில் ஒழுகுகிறது, முற்றத்துத் தண்ணீர் எவ்வளவு நேரத்தில் வடிகிறது என்பவை கோடையில் தெரியாது. விரிசல்களின் குறுக்கே சிறு கண்ணாடித் துண்டைச் சாந்தில் பதித்துத் தேதி எழுதி வைப்பார்கள். துண்டு உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது. உடையாவிட்டால் அது பழைய விரிசல், அடைத்தால் போதும். வீட்டின் அளவுப்படம் ஒன்றும் அவசியம். எந்தச் சுவர் எதைத் தாங்குகிறது என்று அறியாமல் கூடத்தையும் அடுக்களையையும் ஒன்றாக்கச் சுவரை உடைத்துவிட்டு, பிறகு மாடித்தளம் தொய்வதைப் பார்த்துத் தவித்த வீடுகள் உண்டு. இத்தகைய வீடுகளில் தூண்களைத் தவிர எல்லாப் பாரமும் சுவர்மேல்தான். ஒரு வாசல் திறக்க வேண்டுமானாலும் முதலில் இருபுறமும் முட்டுக்கொடுத்து, மேலே இரும்பு உத்திரம் ஏற்றிய பிறகே செங்கல்லில் கைவைக்க வேண்டும்.

அடுத்தது கூரை. மராமத்துச் செலவில் பெரும்பங்கு இங்கே போகும், போகவும் வேண்டும். கூரை ஓட்டுக்கூரையாக இருக்கும், அல்லது மெட்ராஸ் டெரஸ் எனப்படும் தட்டையான தளமாக இருக்கும். ஓட்டுக்கூரைக்கு வேலை சுலபம். நாட்டு ஓட்டைப் பிரித்து, கைமரங்களைச் சோதித்து, உளுத்த ரீப்பர்களை மாற்றி, திரும்ப வேய வேண்டும். உடைந்த நாட்டு ஓட்டுக்கு மாற்று கிடைப்பது அரிதாகிவிட்டதால் தெருப்பக்கச் சரிவுக்குப் பழைய ஓடுகளைத் திரட்டி வைத்துக்கொண்டு, பின்பக்கச் சரிவுகளுக்கு மங்களூர் ஓடு போடுகிறார்கள். இந்த ஓடும் இப்போது பழமையானதுதான். பாசல் மிஷன் என்னும் கிறித்தவ மறைப்பணி அமைப்பு மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது 1865இல்.

மெட்ராஸ் டெரஸ் இந்தப் பகுதிக்கே உரிய நுட்பமான வேலை. ஒன்றரை அடிக்கு ஒன்றாகத் தேக்குக் கட்டைகள் சுவருக்குச் சுவர் போடப்பட்டிருக்கும். அவற்றின்மேல் ஆறு அங்குல நீளமும் ஓர் அங்குலக் கனமும் உள்ள சின்னச் செங்கல்லைக் குத்துவாட்டில், மூலைவிட்டமாக, வரிசை வரிசையாக ஒட்டிக்கொண்டே போவார்கள். கீழே சாரமோ பலகையோ கிடையாது. கொத்தனார் ஒவ்வொரு கல்லிலும் சுண்ணாம்புச் சாந்து தடவி, முந்தைய வரிசையின்மேல் வைத்துச் சில நொடி கையால் அழுத்திப் பிடிப்பார். செங்கல் சாந்தின் ஈரத்தை உறிஞ்ச, சாந்து இறுகிக் கல்லைப் பிடித்துக்கொள்ளும். அந்த வரிசை மறுகட்டைக்குப் போய்ச் சேரும்போது தளம் தானே நிற்கும். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மூன்று அங்குலத்துக்குப் பரப்பி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துக்கொண்டே தட்ட, ஜல்லி இறுகி ஒரே பாளமாகும். கடைசியில் தட்டோடு பதித்து வாட்டம் கொடுத்து முடிப்பார்கள். நூறு ஆண்டு தாங்கிய தளங்கள் ஏராளம்.

இந்தத் தளம் கெடுவதன் தொடக்கம் பெரும்பாலும் தட்டோட்டின் இடைவெளியில் முளைத்த ஓர் அரச மரக்கன்றோ, அடைத்துக்கொண்ட ஒரு தண்ணீர்த் தாரையோதான். ஒழுக்கு தெரிந்ததும் மேலே ஓர் அங்குலம் சிமென்ட் பூசுவார்கள். சில ஆண்டில் அது வெடிக்கும், அதன்மேல் இன்னொரு அங்குலம் ஏறும். ஓர் அங்குலக் கனச் சிமென்ட் பூச்சின் எடை சதுர அடிக்கு ஏறத்தாழ ஐந்து கிலோ. 200 சதுர அடி அறையின்மேல் அது ஒரு டன். இரண்டு மூன்று முறை இப்படி நடந்தால் தேக்குக் கட்டைகள் தொய்ந்துவிடும். அதோடு வெடிப்பு வழியே உள்ளே போன தண்ணீர் சிமென்ட்டைத் தாண்டி மேலே ஆவியாக முடியாமல் மரத்துக்கு இறங்கும். ஆகவே செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறானது. பின்னால் ஏற்றிய பூச்சுகளையெல்லாம் அதிராமல் பெயர்த்துப் பாரத்தைக் குறைத்து, வாட்டத்தைச் சரிசெய்து, சுண்ணாம்பு ஜல்லியும் தட்டோடும் புதிதாகப் போட வேண்டும். பெயர்க்க மின்சார உடைப்பான் வேண்டாம். அதன் அதிர்ச்சி குத்துச் செங்கல் வரிசையை உதிர்த்துவிடும்.

புதுச்சேரியில் 19ஆம் நூற்றாண்டில் கட்டிய மேரி என்னும் நகர மன்றக் கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. அதே தோற்றத்தில் கட்டிய புதிய கட்டடம் 2021இல் திறக்கப்பட்டது. தோற்றம் திரும்பிவிட்டது, பழைய சுவரும் தளமும் திரும்பவில்லை. அத்தனை பெரிய கட்டடத்துக்கே இந்தக் கதி என்றால், ஒழுகும் தளத்தோடு பூட்டிக் கிடக்கும் வீடுகளுக்கு மழை எவ்வளவு காலம் தவணை கொடுக்கும்?

தளத்தைத் தாங்கும் மரத்தில் முதலில் பார்க்க வேண்டியது சுவருக்குள் புதைந்திருக்கும் முனை. நடுவில் கட்டை உருக்குபோல இருக்கும், சுவருக்குள் ஓர் அடி நீளம் மாவாகியிருக்கும். சுத்தியலால் தட்டினால் நல்ல மரம் கணீரென்று ஒலிக்கும், உளுத்தது பொத்தென்று அமுங்கும். சந்தேகமான இடத்தில் திருப்புளியைக் குத்திப் பார்ப்பார்கள். இரண்டு அங்குலம் தடையில்லாமல் இறங்கினால் அந்த முனையை நம்பக் கூடாது. அதற்காகக் கட்டை முழுவதையும் மாற்ற வேண்டியதில்லை. கெட்ட முனையை வெட்டிவிட்டுப் பழைய தேக்கை ஒட்டவைத்து இருபக்கமும் இரும்புப் பட்டை கொடுத்து முடுக்கலாம், அல்லது சுவரோரமாக இரும்புச் சட்டம் ஓட்டி அதன்மேல் கட்டையை உட்காரவைக்கலாம். புதிய முனை சுவருக்குள் போகும்போது சுற்றிலும் கொஞ்சம் காற்றிடம் விட வேண்டும். நான்கு பக்கமும் சாந்தால் அடைத்தால் மறுபடியும் அதே கதைதான். கரையானுக்குத் தேக்கின் வைரம் எளிதில் இரையாகாது. ஆனால் வெண்மரமும் மலிவாகப் போட்ட நாட்டு மரமும் இரையாகும். குடியிருக்கும் கட்டடங்களில் கரையான் மருந்து செலுத்தும் முறைக்கு இந்தியத் தர விதி 6313இன் மூன்றாம் பகுதி இருக்கிறது. கிணறு உள்ள வீட்டில் மருந்தைக் கிணற்றருகே செலுத்தாமல் பார்த்துக்கொள்வது அதைவிட முக்கியம்.

சுவரின் கதைக்கு ஓதம்தான் மையம். பழைய அஸ்திவாரங்களில் ஈரத்தைத் தடுக்கும் படலம் கிடையாது. மண்ணின் ஈரம் செங்கல் வழியே இரண்டு மூன்றடி உயரத்துக்கு ஏறும். மேலிருக்கும் சுண்ணாம்புப் பூச்சு நுண்துளைகள் கொண்டது, ஏறிய ஈரத்தை அப்படியே வெளியே விட்டுவிடும். ஆண்டுக்கொரு முறை பொங்கலுக்கு வெள்ளையடித்தது அந்தப் பூச்சைப் புதுப்பித்துக்கொண்டே இருந்தது. இப்போது நடப்பது வேறு. ஓதம் தெரிந்ததும் அடிச்சுவரைக் கொத்தி மூன்றடி உயரத்துக்குச் சிமென்ட் பூசி, அதன்மேல் எமல்ஷன் அடிக்கிறார்கள். வெளியேற வழியில்லாத ஈரம் சிமென்ட்டைத் தாண்டி ஐந்தடிக்கு ஏறுகிறது. உப்பு பூத்துக் காரை பொரிந்து உதிர்கிறது. அடுத்த முறை ஆறடிக்குச் சிமென்ட் பூசுகிறார்கள்.

இதற்கு மருந்து பெரும்பாலும் வீட்டுக்கு வெளியே இருக்கிறது. சுவரோரம் குவிந்த மண்ணையும் சிமென்ட் தளத்தையும் எடுத்து, தரைமட்டத்தைத் தாழ்த்தி, கூரைத் தண்ணீர் சுவரடியில் விழாமல் தாரை வைத்து, உடைந்த சாக்கடையைச் சரிசெய்தால் பாதி ஓதம் போய்விடும். பிறகு சிமென்ட்டைப் பெயர்த்து, செங்கல்லைக் காயவிட்டு, ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டு அல்லது மூன்று பங்கு மணல் கலந்த சாந்தில் பூச வேண்டும். முதல் பூச்சு உப்பை உறிஞ்சிக்கொண்டு சில ஆண்டில் உதிரலாம். செங்கல் உதிர்வதற்குப் பதில் பூச்சு உதிர்வது நல்லதுதான். அதைக் குறையாக நினைத்து மறுபடி சிமென்ட்டுக்குத் திரும்பிவிடக் கூடாது. செட்டிநாட்டில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பல அடுக்காகப் பூசிக் கூழாங்கல்லால் தேய்த்த சுவர்கள் இருக்கின்றன. இன்றும் கையை வைத்தால் பளிங்கின் குளிர்ச்சி. அவற்றின்மேல் எந்தப் பெயின்டும் அடிக்காமல் ஈரத் துணியால் துடைத்தால் போதும். பெயின்ட் அடித்துவிட்டால் அதை எடுக்கும்போது மெருகும் சேர்ந்தே போகும்.

தரையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆத்தங்குடிக் கல் சுடாத சிமென்ட் கல். கண்ணாடித் தட்டின்மேல் நிறக்குழம்பை ஊற்றி வார்த்துத் தண்ணீரில் ஊறவைத்துச் செய்வது. அதில் ஆசிட் ஊற்றிக் கழுவினால் நிறம் போய்விடும். ரெட் ஆக்சைடு தரையும் அப்படியே. உடைந்த கற்களுக்கு ஆத்தங்குடியிலேயே இன்னும் புதிது செய்து தருகிறார்கள்.

இனி இன்றைய வசதிகள். கழிவறையும் குளியலறையும்தான் இவற்றில் கடினமானவை. பழைய வீட்டில் இரண்டும் கொல்லைக் கோடியில் இருந்தன. அவற்றை வீட்டுக்குள் கொண்டுவரும்போது கீழ்த்தளத்தில், பின்கட்டில், வெளிச்சுவரை ஒட்டி அமைப்பதே பாதுகாப்பு. குழாய் வெளிச்சுவரின் மேலாகவே ஓடட்டும். சுவருக்குள் புதைத்த குழாய் ஒழுகினால் அது தெரிவதற்குள் சுவர் ஊறிவிடும். மாடியில் குளியலறை வேண்டுமென்றால் மரத்தளத்தின்மேல் நேராகக் கட்டக் கூடாது. அந்த இடத்துக்கு மட்டும் சுவரிலிருந்து சுவருக்கு இரும்புச் சட்டம் போட்டு, அதன்மேல் தனித்தளம் அமைத்து, நீர்க்காப்பு செய்து, கீழே இருக்கும் தேக்குக்கும் புதிய தளத்துக்கும் நடுவில் எட்டிப் பார்க்கும் அளவுக்கு இடைவெளி விடுவது ஒரு வழி. அதைவிட நல்ல வழி, மாடிக் குளியலறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வீட்டுக்கு வெளியே தனி அஸ்திவாரத்தில் ஒரு சிறிய கோபுரம்போல எழுப்பி, ஒரு வாசல் வழியே மட்டும் பழைய வீட்டோடு இணைப்பது. தண்ணீர்த் தொட்டிக்கும் இதே விதி. 1,000 லிட்டர் தண்ணீர் ஒரு டன். மெட்ராஸ் டெரஸின்மேல் கறுப்புத் தொட்டி உட்கார்ந்திருக்கும் வீடுகளை எந்தத் தெருவிலும் பார்க்கலாம். தொட்டி இந்தக் கோபுரத்தின் உச்சியிலோ, தரையிலிருந்து எழும் இரும்புத் தாங்கியிலோ இருக்க வேண்டும்.

அடுப்படி இவ்வளவு தொல்லை தராது. இரண்டாம் கட்டின் தாழ்வாரத்தை அடைத்து மேடையடுப்படியாக்கி, பக்கத்துக் கூடத்தைச் சாப்பாட்டு இடமாக்கினால் பழைய சமையல் உள் பண்டகசாலையாகிவிடும். சமைப்பவர் மற்றவர்களோடு பேசிக்கொண்டே சமைக்கலாம். பழைய அடுக்களை பெண்களைப் புகையோடும் இருட்டோடும் அடைத்து வைத்த இடம். மரபின் பெயரால் அதை அப்படியே காப்பாற்ற வேண்டும் என்பவர்களோடு உடன்பட முடியாது.

மின்கம்பிகளை முழுவதும் மாற்றிவிட வேண்டும். தேக்குப் பட்டையில் ஆணியடித்து ஓட்டிய பழைய கம்பிகளின் உறை பொடிந்திருக்கும், மரக்கூரைக்கு அதைவிடப் பெரிய ஆபத்து இல்லை. புதிய கம்பிகளை மரப்பட்டைக்குள்ளோ சுவர் மேல் குழாயிலோ ஓட்டலாம், சுவரைக் காடியெடுத்துக் கீற வேண்டாம். 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புச் சாதனமும் நல்ல எர்த்தும் கட்டாயம். ஏசிக்குப் பன்னிரண்டு அடி உயரக் கூடம் ஏற்றதல்ல. காமிரா உள் போன்ற சிறிய அறை ஒன்றிரண்டைக் கதவிடுக்கு அடைத்துக் குளிரூட்டினால் போதும். ஒன்றரை அடிச் சுவர் குளிரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைக் குழாயிட்டுச் சாக்கடைக்குக் கொண்டுபோகாவிட்டால் ஒரே கோடையில் அடிச்சுவர் ஊறிப்போகும்.

முற்றத்தில்தான் தவறான முடிவுகள் அதிகம். மழைச் சாரல், கொசு, குரங்கு, திருடர் பயம் எல்லாம் உண்மையான தொல்லைகள். அவற்றுக்காக முற்றத்தின்மேல் பாலிகார்பனேட் தகடு போட்டு மூடிவிடுகிறார்கள். முற்றம் வெறும் திறந்த வெளி அல்ல. வெயில் ஏறஏற வீட்டுக்குள் சூடாகும் காற்று மேலே எழுந்து அந்த வாய் வழியாக வெளியேற, திண்ணைப் பக்கத்திலும் கொல்லைப் பக்கத்திலும் இருந்து புதுக்காற்று உள்ளே வரும். மூடிய முற்றத்தில் சூட்டுக்குப் போக்கிடமில்லை. பிறகு அந்தச் சூட்டுக்காக ஏசி வாங்க வேண்டியிருக்கிறது. மூடியே ஆக வேண்டுமென்றால் கூரையைச் சுற்றுக்கூரையைவிட இரண்டடி உயர்த்தி, நான்கு பக்கமும் காற்றுக்கு வழிவிட்டு, அங்கே கம்பியும் கொசுவலையும் அடிக்கலாம். சாரல் மட்டுமே தொல்லையென்றால் தாழ்வாரத்து ஓரத்தில் மூங்கில் தட்டி போதும். முற்றத்தில் விழும் மழைநீரை 2003இல் தமிழகம் முழுவதும் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்போடு இணைப்பது மிக எளிது. செட்டிநாட்டு வீடுகள் சட்டம் வருவதற்கு நெடுங்காலம் முன்பே கூரைத் தண்ணீரை அண்டாக்களில் பிடித்தும், மிச்சத்தை ஊருணிக்கு அனுப்பியும் வந்தன.

தெருப்பக்கத்தில் இரண்டு ஆபத்துகள். ஒன்று வண்டி நிறுத்துவதற்காகத் திண்ணையை இடிப்பது. திண்ணையோடு மேல் ஓட்டுச் சரிவும் தூண்களும் போய், தெருவின் நிழல் வரிசையில் ஒரு பல் விழுந்ததுபோல ஓட்டை விழும். பல வீடுகளுக்குக் கொல்லையில் பின்தெரு வாசல் உண்டு, காருக்கு அதுவே வழி. இரு சக்கர வண்டிக்கு ஒரு பக்கத் திண்ணையின் ஓரத்தில் எடுத்து மாட்டக்கூடிய இரும்புச் சரிவு போதும். முதியவர்களின் சக்கர நாற்காலிக்கும் அதுவே உதவும். இன்னொன்று வீட்டுக்காரர் கையில் இல்லாதது. பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே சாலை போட்டுத் தெரு உயர்ந்து, ஒரு காலத்தில் நான்கு படி ஏறிப் போன வீட்டுக்கு இப்போது இறங்கிப் போக வேண்டியிருக்கிறது. மழைத் தண்ணீர் ரேழிக்குள் வருகிறது. ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்கும் வேலை இப்போது பரவியிருக்கிறது. ஆனால் தனித்தனிச் செங்கல்லைச் சுண்ணாம்பு பிடித்து வைத்திருக்கும் சுவரும், முனை உளுத்த தேக்குத் தளமும் அதைத் தாங்கும் என்று நம்ப இடமில்லை. வாசலில் தண்ணீர்த் தடுப்புப் படியும், தெருவோர வாய்க்காலும், முற்றத்தில் மோட்டார் வைத்த வடிகுழியும் அதைவிடப் பத்திரமானவை.

இனி விரிவாக்கம். பழைய வீட்டின்மேல் கான்கிரீட் மாடி எழுப்புவதுதான் முதலில் தோன்றும் யோசனை, பெரும்பாலும் மோசமான யோசனையும் அதுவே. சுவர்கள் பல இடங்களில் உள்ளே மண்சாந்து வைத்துக் கட்டியவை. அஸ்திவாரத்தின் ஆழமும் குறைவு. மாடி வேண்டுமென்றால் இரும்புத் தூண்களைத் தனி அஸ்திவாரத்தில் எழுப்பி, இரும்புச் சட்டமும் ஓட்டுக்கூரையுமாக எடையில்லாமல் கட்ட வேண்டும். கொல்லையில் இடம் இருந்தால் புதிய கட்டு பின்னால் எழுவதே சரி. அது பழைய வீட்டை ஒட்டாமல் நடுவில் ஒரு சிறிய முற்றத்தை விட்டுத் தள்ளி நிற்க வேண்டும். இரண்டையும் ஓடு வேய்ந்த நடை ஒன்று இணைக்கும். இப்படிச் செய்தால் புதிய கட்டடம் மண்ணில் இறங்கினாலும் பழைய சுவரை இழுக்காது. பழைய வீட்டின் பின் அறைகளுக்கு வெளிச்சமும் கிடைக்கும். வீட்டின் வரிசையில் இன்னொரு கட்டு சேர்ந்ததாகவும் ஆகும். ஒட்டியே கட்ட நேர்ந்தால் இரண்டுக்கும் இடையில் ஓர் அங்குலப் பிளவு விட்டு, மேலே உலோகத் தகட்டால் மூட வேண்டும்.

புதிய கட்டு பழையதைப் போலவே தோன்ற வேண்டுமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. கட்டடப் பாதுகாப்புக்கான 1964இன் வெனிஸ் சாசனம் புதிய சேர்ப்பு பழையதிலிருந்து வேறாகத் தெரிய வேண்டும் என்கிறது. 2004இல் இன்டாக் என்னும் பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பு ஏற்றுக்கொண்ட இந்தியச் சாசனம், கைவினை மரபு உயிரோடு இருக்கும் இந்நாட்டில் மரபு வழியிலேயே தொடர்ந்து கட்டுவதற்கும் இடம் தருகிறது. வீட்டைப் பொறுத்தவரை இரண்டாவதே பொருத்தம். ஆனால் ஒரு நிபந்தனை. சுண்ணாம்பும் ஓடும் மரமும் கொண்டு உண்மையாகவே அப்படிக் கட்டினால்தான் அது மரபு. கான்கிரீட் தூணுக்குச் செட்டிநாட்டுத் தேக்குத் தூணின் வடிவத்தில் பிளாஸ்டர் வார்த்து ஒட்டுவது எந்தச் சாசனத்திலும் அடங்காது. துணிந்து புதியதாகவே கட்டியவர்களும் வென்றிருக்கிறார்கள். கொழும்பு 33ஆம் ஒழுங்கையில் இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1958 தொடங்கி ஏறத்தாழ பத்தாண்டுகளில் வரிசையாக நின்ற நான்கு சிறு வீடுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து ஒரே வீடாக்கினார். சுவர்களைத் திறந்து சிறுசிறு முற்றங்களை உள்ளே விட்டார், தெருப்பக்கத்து வீட்டின் இடத்தில் வெள்ளைக் கோபுரம் ஒன்றை எழுப்பினார். வெளிச்சமும் காற்றும் வரும் வழிகளைப் பெருக்கியதால் அந்த இருட்டு வரிசை வீடு வாழ்வதற்கேற்ற இடமாயிற்று.

வரிசை வீடுகளில் பொதுச் சுவர் தனிச் சிக்கல். இரு வீட்டின் கைமரங்களும் ஒரே சுவரில் உட்கார்ந்திருக்கும். பக்கத்து வீட்டை இடித்தால் உள்ளே இருந்து பழகிய சுவர் மழைக்கு நேராக நிற்கும். அடுக்ககத்துக்காக ஆழக் குழி தோண்டினால் பழைய அஸ்திவாரத்தின் அடியில் மண் சரியும். இடிப்பதற்கு முன் இரு தரப்பும் சேர்ந்து சுவரின் நிலையைப் படமெடுத்து எழுதி வைத்துக்கொள்வதும், இடித்த வாரத்திலேயே வெளிப்பட்ட சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சு கொடுப்பதும் வழக்குகளைக் குறைக்கும்.

சட்டத்தில் வீட்டுக்காரர் அறிய வேண்டியவை சில. விரிவாக்கத்துக்கு 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி அனுமதி பெற வேண்டும். தொல்லியல் துறையின் பாதுகாக்கப்பட்ட சின்னத்துக்கு 100 மீட்டருக்குள், அதாவது தஞ்சைப் பெரிய கோயில், தாராசுரம் போன்ற இடங்களின் சுற்றுப்புறத்தில், 2010ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் புதிய கட்டுமானத்துக்கு இடமே இல்லை. 1992 ஜூன் 16க்கு முன்பே இருந்த வீட்டைப் பழுதுபார்க்கவும் புதுப்பிக்கவும் மட்டும் விண்ணப்பித்து அனுமதி பெறலாம். அந்த 100 மீட்டருக்கு அப்பால் மேலும் 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி. மாநிலத்தில் 2012ஆம் ஆண்டின் பாரம்பரிய ஆணையச் சட்டம் இருக்கிறது. ஆனாலும் தனியார் வீட்டைக் காப்பவருக்கு வரிச்சலுகையோ கடனுதவியோ பெரிதாக இல்லை. புதுச்சேரியில் இன்டாக், 2000களின் தொடக்கத்தில் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏசியா அர்ப்ஸ் திட்டத்தின் கீழ் வைசியாள் தெருவின் வீட்டு முகப்புகளை உரிமையாளர்களோடு செலவைப் பகிர்ந்து சீரமைத்தது. ஒரு வீட்டை மட்டும் காப்பதைவிடத் தெரு முழுவதையும் காப்பது எவ்வளவு பயன் தரும் என்று அங்கே நடந்து போனாலே தெரியும். அந்த முறையை வேறு ஊர்கள் எடுத்துக்கொள்ளாதது பெரிய குறை.

செட்டிநாட்டில் தடை பணமோ சட்டமோ அல்ல, பங்காளிகளின் எண்ணிக்கை. ஒரு வீட்டுக்கு நாற்பது ஐம்பது பங்குதாரர்கள் பல நாடுகளில் இருப்பார்கள். ஓர் ஓட்டை மாற்றக்கூட ஒப்புதல் கிடைக்காமல் கூரை விழும். ஒப்புதல் கிடைக்கிற இடத்தில் வீடு விடுதியாகிறது. காரைக்குடியின் பங்களா, கானாடுகாத்தானின் விசாலம், கடியாபட்டியின் சிதம்பர விலாஸ், கொத்தமங்கலத்தின் சாரதா விலாஸ் அப்படி மாறியவற்றில் அறியப்பட்டவை. செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்ந்த பிறகு இந்த ஆர்வம் கூடியிருக்கிறது. விடுதி வீட்டைக் காக்கிறது, கொத்தனாருக்கும் ஆசாரிக்கும் வேலை தருகிறது. ஒவ்வோர் அறைக்கும் குளியலறை வைக்கும்போது மேலே சொன்ன தண்ணீர்ச் சிக்கல் இருபது மடங்காகிறது என்பதும் உண்மை. ஒப்புதலே கிடைக்காத வீடுகள் கழற்றி விற்கப்படுகின்றன. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் நிலைக்கதவும் தூணும் விட்டமும் குவிந்து கிடக்கும். பழுதுபார்ப்பவருக்கு அங்கே நல்ல பழந்தேக்கு கிடைக்கும். ஆனால் அந்தக் கட்டை எந்தக் கூரையைத் தாங்கியது என்று நினைக்காமல் வாங்குவது கடினம்.

ஆள் பஞ்சம் மற்றொரு தடை. சுண்ணாம்பு அரைக்கவும் குத்துச் செங்கல் பாவவும் தெரிந்த கொத்தனார்கள் குறைந்துவிட்டார்கள். சிமென்ட்டில் பழகியவர் சுண்ணாம்பை அவசரப்படுத்துவார். சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை உறிஞ்சி மெல்ல இறுகும் பொருள், மாதங்கள் பிடிக்கும். நேர் வெயிலில் வேகமாகக் காய்ந்தால் பொடியாகும், எனவே ஈரச் சாக்கைப் போர்த்தி நாள்தோறும் நனைக்க வேண்டும். வேலையை ஒப்பந்தக்காரரிடம் மொத்தமாக விடாமல், பழைய கைகாரர் ஒருவரோடு இளைஞர் இரண்டு பேரை வைத்து நாள்கூலிக்குச் செய்வித்தால் தரமும் நிற்கும், தொழிலும் ஒரு தலைமுறை நீளும்.

வேலையின் வரிசையையும் பருவம்தான் முடிவு செய்கிறது. தை, மாசியில் கூரையைப் பிரித்து, பங்குனி முதல் ஆனி வரை மரவேலையும் தளமும் முடித்து, ஆவணிக்குள் வடிகாலும் தாரையும் சரிசெய்துவிட்டால் ஐப்பசி மழை வரும்போது வீடு தயாராக இருக்கும். அந்த மழையில் எந்த மூலையிலும் ஒழுகவில்லை என்று உறுதியான பிறகே உள்பூச்சையும் மின்கம்பியையும் அலமாரிகளையும் தொடங்குவார்கள்.